வெட்கப்பட்டது போதும் தம்பி, டாக்டரிடம் சொல்!

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாய். ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, அதாவது வைரல் லோடு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. நோய் எதிர்ப்பைக் காட்டும் சிடி4 ஏறியிருக்கிறது. ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. மனைவி பக்கத்தில் வந்தால் தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாய். ஏ.ஆர்.டி. மையத்தில் "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன் மேடம்" என்று சொல்லி மாத்திரை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாய். வருஷக்கணக்கில் நான் பார்த்துவரும் முதல் தப்பு இதுதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நம் சென்னையில். அரசாங்கம் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி. அப்போதெல்லாம் உயிர் தங்கினால் போதும் என்பதுதான் எல்லார் வேண்டுதலும். தாம்பத்தியத்தைப் பற்றி யார் வாய் திறந்தார்கள்? அன்று முப்பது வயதில் மருந்து தொடங்கியவருக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. உயிர் பிழைத்தாகிவிட்டது, இனி நன்றாக வாழவும் வேண்டுமல்லவா?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவது எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம் மற்றவர்களைவிட அதிகம். வயதாகும் முன்பே வந்துவிடுகிறது. கூட்டு மருந்து இல்லாத காலத்தில், எய்ட்ஸ் நிலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் வரைக்கும் இந்தக் குறை இருந்தது. இப்போதும் நாலைந்து பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உனக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை இது. ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய, காரணம் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம்.

உனக்கு நேரமில்லை என்று தெரியும். வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் ஒன்று. "இந்த மாத்திரைதான் என் ஆண்மையைக் கெடுக்குது" என்று நீயாக முடிவு கட்டி ஏ.ஆர்.டி.யை நிறுத்தாதே. அடக்கப்படாத வைரஸ்தான் ஹார்மோனை அதிகம் கெடுக்கும். உடம்பில் ஓயாத அழற்சி, எடை இறக்கம், காசநோய் போல ஒட்டிக்கொள்ளும் தொற்றுகள் எல்லாம் சேர்ந்து டெஸ்டோஸ்டிரோனை இறக்கும். மருந்தை நிறுத்தினால் ஹார்மோன் திரும்பி வராது, வைரஸ்தான் திரும்பி வரும், சில சமயம் மருந்துக்கு அடங்காமலும். ஏதாவது ஒரு மாத்திரைமேல் சந்தேகம் இருந்தால் சொல், மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது.

2. கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று அறிகுறிகள் மாதக்கணக்கில் தொடர்ந்தால் வாயைத் திற:

- தாம்பத்திய ஆசை குறைவது, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவது
- நன்றாகத் தூங்கி எழுந்தும் போகாத களைப்பு
- கை கால் சதை கரைந்து வயிறு மட்டும் போடுவது
- மீசை தாடி அடர்த்தி குறைவது, சவரம் செய்யும் இடைவெளி கூடுவது
- காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு
- ரத்தசோகை, லேசான அடிக்கே எலும்பு முறிவது

இவற்றில் ஆசைக் குறைவும் காலை விறைப்பு நின்றுபோவதும்தான் ஹார்மோனை நேராகக் காட்டிக்கொடுப்பவை. களைப்புக்கு மட்டும் நூறு காரணம் இருக்கும். அதனால் "டயர்டா இருக்கு மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் சத்து மாத்திரை ஒன்றோடு அனுப்பிவிடுவார்கள். முழுசாகச் சொல். வாய் வரவில்லை என்றால் ஒரு துண்டுத்தாளில் "ஆசை குறைஞ்சிருக்கு, மூணு மாசமா, விறைப்பு சரியில்லை" என்று எழுதி நீட்டு. டாக்டர் படித்துக்கொள்வார். பெண் டாக்டராக இருந்தால் என்ன, அவர் பார்க்காத நோயாளியா?

3. சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நேரம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். நீயோ நாலு இட்லியை முடித்துவிட்டு, கடையைத் திறந்து வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு லேப் பையனை வரச்சொல்கிறாய். வரும் ரிப்போர்ட்டில் அளவு குறைவாக இருக்கிறது என்று கண்கலங்குகிறாய். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், வெறும் வயிற்றில் கொடு. தண்ணீர் குடிக்கலாம்.

இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர், நைட் ஷிப்ட் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் தூங்கி எழுந்த ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பதை டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

காய்ச்சல், பேதி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த வாரம் இதெல்லாம் இருக்கும்போது கொடுக்காதே. உடம்பு சரியில்லாத நாளில் யாருக்கும் இந்த அளவு விழும். முடி வளரட்டும் என்று பயோட்டின் மாத்திரை போடுகிறாயா? அதைச் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிறுத்திய பிறகு கொடு. சில லேப் முறைகளில் அது கணக்கைப் புரட்டிவிடும்.

ஒரு தடவை குறைவாக வந்ததும் முடிவு கட்டாதே. வேறொரு நாள் காலையில் மறுபடி எடுத்து, அதிலும் குறைந்தால்தான் குறைவு.

4. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிடாதே.

பல லேப்களில் மொத்த டெஸ்டோஸ்டிரோனின் கீழ் எல்லை ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமை ஒட்டி இருக்கும். உனக்கு 380 வந்திருக்கிறது, "நார்மல்" என்கிறார்கள். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ரத்தத்தில் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் பல சமயம் கூடுதலாக இருக்கும். அது டெஸ்டோஸ்டிரோனை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாஸ்புக்கில் பணம் இருக்கிறது, கைக்கு எடுக்க முடியவில்லை என்கிற கதைதான். உடம்புக்குப் பயன்படுவது பிடிபடாமல் திரியும் கொஞ்சம்தான். ஹெபடைட்டிஸ் சி சேர்ந்து இருந்தால் இந்தப் புரதம் இன்னும் ஏறும்.

அதனால் அறிகுறி இருந்தும் மொத்த அளவு சரியாக வந்தால், எஸ்.எச்.பி.ஜி.யையும் ஆல்புமினையும் சேர்த்துப் பார்த்து, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைக் கணக்குப் போட்டுத் தரச்சொல். சில லேப்களில் "ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்" என்று நேராகவே ஒரு சோதனை விற்பார்கள். அந்த நேரடி முறையில் பலது நம்பும்படி இல்லை. கணக்குப் போட்டு வருவதே மேல்.

குறைவு உறுதியானால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் மூன்றும் பார்க்க வேண்டும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் எல்.எச். அனுப்பி விரையைச் சுரக்கவைக்கிறது. எல்.எச். ஏறி டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருந்தால் கோளாறு விரையில். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியதா, அடிபட்டதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போ. இரண்டுமே இறங்கியிருந்தால், அல்லது எல்.எச். ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் சும்மா நின்றால், மேலிருந்து வரும் கட்டளையில் குறை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. காரணம் தொற்றோ, தொப்பையோ, வேறொரு மருந்தோ என்றால், அதைச் சரிசெய்ததும் பல பேருக்கு அளவு தானாக ஏறிவிடும்.

5. வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு துணிப்பையில் கொட்டி எடுத்துக்கொண்டு போ. சீட்டு மட்டும் போதாது. மெடிக்கலில் நீயாகக் கேட்டு வாங்கியது சீட்டில் இருக்காதே! நான் தேடுவது இவற்றைத்தான்:

- கீட்டோகோனசோல் மாத்திரை. படர்தாமரைக்கு என்று கடையில் வாங்கி விழுங்குகிறீர்கள். டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே தடுக்கும். பல கூட்டு மருந்துகளோடும் மோதும்.
- டிராமடோல் போன்ற வலி மாத்திரைகள். இடுப்பு வலிக்கு ஆரம்பித்து மாதக்கணக்கில் ஓடும். பிட்யூட்டரியின் கட்டளையை அமுக்கிவிடும்.
- ஸ்டீராய்டு. இதைக் கவனமாகக் கேள். இரண்டாம் கட்டக் கூட்டு மருந்தில் அட்டசனாவிர், லோபினாவிர் எது இருந்தாலும் கூடவே ரிட்டோனாவிர் இருக்கும். அது உடம்பு ஸ்டீராய்டைக் கழிப்பதைத் தடுக்கும். அப்போது ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஃப்ளூட்டிகசோன், பியூடசோனைடு இன்ஹேலரும், முழங்காலில் போடும் டிரையாம்சினோலோன் ஊசியும் உடம்பில் தேங்கிவிடும். முகம் உப்பும், தொப்பை போடும், சர்க்கரை ஏறும், உடம்பின் சொந்த ஹார்மோன்கள் படுத்துவிடும். "இழுக்கிற மருந்துதானே, அதை எதுக்குச் சொல்லணும்?" என்று நினைக்காதே, சொல். மாற்று இன்ஹேலர் உண்டு. ஆனால் நீயாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தேங்கிய ஸ்டீராய்டு திடீரென்று இல்லாமல் போனால் உயிருக்கே ஆபத்து.
- ஊரில் "சத்து ஊசி" என்று போட்டுக்கொண்டது. சில சமயம் அதில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற நாண்ட்ரோலோன் இருக்கும்.

6. ஹார்மோனைக் குற்றம் சொல்வதற்கு முன் சர்க்கரையைப் பார். நம் ஊரில் விறைப்புக் குறைவுக்குப் பின்னால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒளிந்திருப்பது ரொம்பச் சாதாரணம். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு எடை கூடும். வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் வேலையைச் செய்யும், எஸ்ட்ரடையால் ஏறும். இடுப்புச் சுற்றளவு குறைந்தாலே சிலருக்கு அளவு சீராகிவிடும். சர்க்கரைக்கு மெட்பார்மின் எழுதினால், "நான் டோலுடெக்ராவிர் எடுக்கிறேன்" என்று அந்த டாக்டரிடம் சொல். டோலுடெக்ராவிர் மெட்பார்மினை உடம்பில் ஏற்றிவிடும், அதனால் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. எலும்புக்கு என்று கால்சியமோ, ரத்தத்துக்கு என்று இரும்பு மாத்திரையோ கொடுத்தால், வெறும் வயிற்றில் அதையும் டோலுடெக்ராவிரையும் சேர்த்து விழுங்காதே. டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடு. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம்.

குடியை விடு. கல்லீரலும் விரையும் சேர்ந்தே கெடும். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? அதையும் டாக்டரிடம் சொல்.

7. மார்பு வீக்கம். பனியனுக்குள் தெரிகிறது என்று இரண்டு சைஸ் பெரிய சட்டை போட்டுக்கொண்டு, குளத்தில் குளிக்க மாட்டேன், கோயிலில் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று ஒதுங்கி நிற்கும் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து சிலருக்கு இப்படிச் செய்யும். முன்பு முதல் கட்ட மாத்திரையில் அதுதான் இருந்தது. அதை மாற்றினால் பெரும்பாலும் சில மாதத்தில் வடிந்துவிடும். ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, கல்லீரல் கோளாறு, குறைந்த டெஸ்டோஸ்டிரோன் எல்லாமும் காரணமாகலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி கட்டி, காம்பில் கசிவு, தோல் உள்ளே இழுப்பது என்றால் அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது காட்டலாம் என்று இருக்காதே. அந்த வாரமே போ. ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும்.

8. ரத்தத்தில் எல்லாம் சரி, ஆனாலும் ஆசை வரவில்லை என்றால் பயத்தைக் கணக்கில் எடு. "அவளுக்கு ஒட்டிவிடுமோ" என்ற பயம் இருக்கும் உடம்பில் ஆசை எப்படி எழும்பும்? வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் நிலைத்து நின்றால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 888 ஜோடிகள், ஆணுறை இல்லாமல் ஆயிரக்கணக்கான முறை சேர்ந்தும், துணையிடமிருந்து தொற்று வந்தவர் ஒருவர்கூட இல்லை. துணை ஆணாக இருந்தாலும் இதேதான். மற்ற பால்வினை நோய்களுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் ஆணுறை வேண்டும், அது வேறு.

தங்கச்சி, இது உனக்கு. அவர் திரும்பிப் படுத்தால் "என்னைப் பிடிக்கலை" என்றோ "வேற யாரோ இருக்காங்க" என்றோ முடிவு கட்டாதே. குத்திக் காட்டாதே. இரவில் பேசாதே, மறுநாள் காபி குடிக்கும்போது "ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேள். டாக்டர் அறைக்குள் கூடவே போ. அவர் மறைப்பதில் பாதியை நீ சொல்லிவிடுவாய்.

9. லாட்ஜில் ரூம் போட்டு "நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு" என்று போஸ்டர் ஒட்டும் ஆளிடம் போகாதே. சுய இன்பத்தால் நரம்பு போய்விட்டது என்று பயமுறுத்தியே அவர் பணம் பிடுங்குவார். அது சுத்தப் பொய். விலை அதிகமான லேகியத்திலும் பொடியிலும் ஸ்டீராய்டையும் சில்டெனாஃபிலையும் சொல்லாமல் கலப்பது உண்டு. ஜிம் மாஸ்டர் தரும் ஊசியும் வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விரை வேலையை நிறுத்திவிடும், சுருங்கும். ஊசியை விட்ட பிறகு மாதக்கணக்கில் எழும்பாது. ஏற்கெனவே போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதே, ரிப்போர்ட்டையே தலைகீழாக்கும் விஷயம் அது.

10. விறைப்புக்கான நீல மாத்திரையை, அதாவது சில்டெனாஃபிலை, நண்பனிடம் வாங்கி விழுங்காதே. ரிட்டோனாவிர் எடுக்கிறவருக்கு சில்டெனாஃபில் உடம்பில் பல மடங்கு ஏறும். அவருக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கடையில் கிடைப்பதில் 50, 100ம் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உள்ளவர் தொடவே கூடாது.

11. குழந்தை வேண்டுமா? டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குச் சம்மதிக்காதே. பல பேருக்கு இது தெரிவதே இல்லை. ஊசி போட்டால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும், சிலருக்கு முழுசாகவே நிற்கும். திரும்பி வர மாதங்கள் ஆகும். "இன்னும் குழந்தை பெத்துக்கலை" என்று முதல் நாளே சொன்னால், விந்தணுவைக் கெடுக்காமல் பிட்யூட்டரி வழியாகத் தூண்டும் மருந்துகளைச் சிறப்பு மருத்துவர் யோசிப்பார்.

12. நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் போகும்போது எச்.ஐ.வி. இருப்பதை மறைக்காதே. மறைத்தால் எஸ்.எச்.பி.ஜி. பார்க்கத் தோன்றாது, மருந்து மோதலும் தெரியாது. பயம் புரிகிறது. ஆனால் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் உன் நிலையை வெளியே சொல்வதும், எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதும் சட்டப்படி தப்பு. யாராவது முரண்டு பிடித்தால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடு, கட்டணம் கிடையாது. ஏ.ஆர்.டி. மையத்திலேயே பெரிய அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டும் கேட்டு வாங்கிக்கொள்.

13. எல்லாம் பார்த்து, டாக்டரே டெஸ்டோஸ்டிரோன் தொடங்கினால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. புராஸ்டேட் புற்று, மார்பகப் புற்று, ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருப்பது, தூக்கத்தில் மூச்சு நிற்பது இவையெல்லாம் இல்லை என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. சோதனையைக் கேட்டு எடுக்க வேண்டும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் அளவையும், ரத்தத்தின் கெட்டியைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ஹீமட்டோகிரிட் 54 சதவிகிதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று கம்பவுண்டரிடம் போய் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே.

ஜெல் கொடுத்திருந்தால் தடவியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவு, காய்ந்த பிறகு சட்டையால் மூடு. தடவிய தோளில் குழந்தையைச் சாய்த்துத் தூங்கவைக்காதே. அந்த மருந்து பிள்ளை உடம்பில் ஏறினால் வயதுக்கு முந்திய முடி வளர்ச்சியெல்லாம் வரும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு அடைத்தால், சிறுநீர் இறங்காமல் கட்டிக்கொண்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காதே. அன்றைக்கே போ, ஹார்மோன் மருந்து எடுப்பதை வாசலிலேயே சொல்.